முகூர்த்தம் தவறாத யந்திரங்கள்

கல்யாண வீட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ காரியங்களில் மூழ்கியிருப்பார்கள். ஆனால் நாதஸ்வரக் கோஷ்டியார் மட்டும் ஒரு கண்ணைச் சாஸ்திரிகள் மீதே வைத்திருப்பார்கள். அவர் "கெட்டி மேளம்!" என்று கையைத் தூக்கிய க்ஷணத்தில் மேளம் முழங்கியாக வேண்டும். அரை நிமிஷம் கழித்து முழங்கினால் என்ன ஆகும்? மேளம் அதே மேளந்தான். வாசிக்கிற வித்வானும் அதே வித்வான்தான். தாளத்தில் அணுவளவும் பிழையில்லை. ஆயினும் பிரயோஜனம் இல்லை. திருமாங்கல்யதாரணம் முடிந்து போய்விட்டது!

சரியான காரியத்தைக் காலங்கடந்து செய்வது தவறான காரியம் என்பதை நமது பாட்டிமார்கள் நன்கு அறிந்திருந்தார்கள். இந்த உண்மையையே அடிப்படையாகக் கொண்டு ஒரு பெரிய சாஸ்திரம் வளர்ந்திருக்கிறது என்று சொன்னால் நேயர்கள் வியப்படையக்கூடும். அந்தச் சாஸ்திரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

கணிப்பொறிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, மேஜை மேல் அமர்ந்து நம்மோடு பேசும் ஜாதி. அது சில விநாடி தாமதித்தால் நாம் முணுமுணுத்துவிட்டுக் காத்திருப்போம். இன்னொரு ஜாதிக்கு முகமும் இல்லை, விளம்பரமும் இல்லை. மோட்டார் வண்டியின் பிரேக்கிலும், மாடி ஏற்றும் லிப்டிலும், துணி துவைக்கும் யந்திரத்திலும், பலவீனமான இருதயத்துக்குத் துணையாக மார்பில் பதித்து வைக்கும் சிறு கருவியிலும் அது ஒளிந்திருக்கிறது. வண்டி மோதியவுடன் காற்றுப் பை விரியவேண்டும்; அதுவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரியவேண்டும். "இதோ கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறேன், சற்றுப் பொறுங்கள்" என்று அந்த யந்திரம் சொல்ல முடியாது. ஒரு சாதனத்துக்குள் பொதிந்திருந்து, குறித்த நேரத்துக்குள் விடை சொல்லியே தீரவேண்டிய இத்தகைய யந்திரங்களை நிகழ்நேரக் கணிப்பொறிகள் என்கிறார்கள். இவற்றை வேகமாக ஓடச் செய்வது மட்டும் போதாது. எந்தச் சமயத்திலும், எவ்வளவு நெருக்கடியிலும், நேரம் தவறாமல் ஓடச் செய்யவேண்டும். அதில்தான் கஷ்டமெல்லாம் இருக்கிறது.

சந்திரனில் கேட்ட அபாய மணி

1969-ம் வருஷம் ஜூலை மாதம் 20-ந் தேதி. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் ஏறியிருந்த ஓடம் சந்திரனை நோக்கி இறங்கிக் கொண்டிருந்தது. ஓடத்தை வழிநடத்திய கணிப்பொறி, மாஸசூஸெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் திட்டமிடப்பட்டது. அதன் ஞாபக சக்தியை இன்று கேட்டால் குழந்தைகள் சிரிப்பார்கள். மாற்றி எழுதக்கூடிய ஞாபகத்தில் 2,048 சொற்கள். மாற்ற முடியாதபடி கம்பிகளால் நெய்து வைத்த ஞாபகத்தில் 36,864 சொற்கள். அவ்வளவுதான். நெய்து வைத்தது என்று நாம் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. தொழிற்சாலையில் பெண்மணிகள் ஊசியும் கம்பியும் கொண்டு, தறியில் நெய்வதைப் போலவே அதை நெய்தார்கள்.

இறங்கும் வேளையில் திடீரென்று "1202" என்ற அபாய எண் தோன்றியது. சந்திர ஓடத்தில் இருந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியவில்லை. பூமியில் ஹூஸ்டன் நகரிலிருந்தவர்கள் சில விநாடிகளுக்குள் முடிவு சொல்ல வேண்டியிருந்தது: இறங்குவதா, திரும்புவதா? விஷயம் இதுதான். அந்தச் சமயத்துக்கு அவசியமில்லாத ஒரு ராடார் கருவியின் மின்சார இணைப்பில் ஏற்பட்ட பொருத்தமின்மையால், கணிப்பொறிக்கு அர்த்தமற்ற சைகைகள் ஓயாமல் வந்து கொண்டிருந்தன. அதன் நேரத்தில் ஏறக்குறைய 13 சத விகிதத்தை அவை திருடிக்கொண்டன. வேலைகள் குவிந்து, புதிய வேலைக்கு இடமில்லாமற் போயிற்று.

சாதாரண யந்திரமாயிருந்தால் அங்கேயே ஸ்தம்பித்து நின்றிருக்கும். ஆனால் ஹால் லேனிங் என்பவர் வகுத்த முறைப்படி அந்தக் கணிப்பொறியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தரம் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நெருக்கடி வந்ததும் அது தன்னைத் தானே மறுபடி துவக்கிக்கொண்டு, இன்றியமையாத வேலைகளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, பிறவற்றை உதறிவிட்டது. எஞ்சினை நடத்துவதும் ஓடத்தைச் சாயாமல் நிறுத்துவதும் ஒரு கணமும் தடைப்படவில்லை. இறங்குவதற்குள் ஐந்து முறை அபாய எண் தோன்றியது. ஐந்து முறையும் அது இப்படியே சமாளித்தது.

ஹூஸ்டனில் ஸ்டீவ் பேல்ஸ் என்ற இளைஞர் "தொடரலாம்" என்று சொன்னதும் குருட்டுத் தைரியத்தினால் அல்ல. சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதுபோன்ற எண் தோன்றியபோது, அவர்கள் திரும்பிவிடும்படி தவறாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜாக் கார்மன் என்ற இளைஞர் ஒவ்வோர் அபாய எண்ணுக்கும் செய்யவேண்டியது இன்னதென்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். ஒத்திகையில் தவறிய தவறே அன்று அவர்களைக் காப்பாற்றியது.

பிசகிய கடிகாரம்

எல்லாக் கதைகளும் இப்படி மங்களமாக முடிவதில்லை. 1991-ம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி, ஸௌதி அரேபியாவில் தஹ்ரான் என்னுமிடத்தில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டிடத்தின் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை ஒன்று விழுந்தது. 28 வீரர்கள் மாண்டார்கள். அவர்களைக் காக்க வேண்டிய பேட்ரியட் ஏவுகணைப் படைக்கலம் அருகிலேயே இருந்தது, அது சுடவேயில்லை.

காரணம் மிகவும் சிறியது. அந்தப் படைக்கலத்தின் கணிப்பொறி, காலத்தைப் பத்தில் ஒரு விநாடி வீதம் எண்ணியது. நம்முடைய கணக்கில் பத்தில் ஒன்று என்பது வெகு சுலபமான எண். ஆனால் பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே அறிந்த கணிப்பொறிக்கு அது மூன்றில் ஒன்றைப் போல முடிவில்லாத பின்னம். 24 இலக்கங்களோடு வெட்டி நிறுத்தியதில், ஒவ்வொரு முறையும் கடுகிலும் சிறிய ஒரு துணுக்குக் கீழே சிந்தியது. யந்திரம் ஏறக்குறைய நூறு மணி நேரம் இடைவிடாமல் ஓடியபோது, சிந்திய துணுக்குகளெல்லாம் சேர்ந்து விநாடியில் மூன்றில் ஒரு பங்காயின. ஒரு விநாடியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ஏவுகணையை, அது இல்லாத இடத்தில் தேடியது படைக்கலம். "ஆகாயத்தில் ஒன்றுமில்லை" என்று தீர்மானித்துச் சும்மா இருந்துவிட்டது.

இதில் மனத்தை வருத்துவது என்னவென்றால், பல மணி நேரம் ஓடினால் கணக்குப் பிசகுகிறது என்பது முன்னமே தெரிந்திருந்தது. திருத்திய கட்டளைத் தொகுப்பும் தயாராகிவிட்டது. அது தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26-ந் தேதி. ஒரே ஒரு நாள் தாமதம்! யந்திரத்தின் கடிகாரம் மட்டுமல்ல, மனிதர்களின் கடிகாரமும் பிசகியது.

பாட்டி, பேரன், தாம்புக் கயிறு

இனி, செவ்வாய்க் கிரகத்துக்குப் போவோம். போகுமுன் நம் ஊர்க் கிணற்றடியில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

ஒரு வீட்டில் ஒரு கிணறு. ஒரே ஒரு தாம்புக் கயிறு. பாட்டி ஸ்நானம் செய்து பூஜைக்கு உட்கார வேண்டும். வீட்டு வேலைகளில் அதுவே முதன்மையானது. பேரன் அம்பி மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் விடுவதற்காகக் கயிற்றை எடுத்துப் போயிருக்கிறான். எல்லாவற்றிலும் கடைசி வேலை அது. பாட்டி வந்து, "சரி, இந்தக் குடத்தை இழுத்துவிட்டுக் கொடுடா" என்று காத்திருக்கிறாள். அதில் தவறொன்றுமில்லை. பாதிக் குடத்தில் திண்ணையிலிருந்து மாமா, "அடே அம்பி! இங்கே வந்து பத்திரிகையைப் படி" என்று கூப்பிடுகிறார். மாமா சொல்லைத் தட்டலாமா? கயிற்றைக் கையில் பிடித்தபடியே அம்பி திண்ணைக்கு ஓடுகிறான். மாமா தலையங்கத்திலிருந்து தொடங்கி மரண அறிவிப்பு வரையில் கேட்கிறார். பாட்டியைத் தடுக்க வேண்டுமென்ற எண்ணம் மாமாவுக்குக் கனவிலும் இல்லை. கிணற்றுப் பக்கம் அவருக்குக் காரியமே இல்லை. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் பெரியவளான பாட்டி, மாமாவின் பொழுதுபோக்கு முடியும் வரையில் காத்து நிற்கிறாள்!

இந்தக் கூத்துத்தான் செவ்வாய்க் கிரகத்தில் நடந்தது.

1997-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி அமெரிக்கர்களின் பாத்பைண்டர் என்னும் விண்கலம், காற்றுப் பைகளால் தன்னைச் சுற்றிக்கொண்டு, பந்து போலத் துள்ளித் துள்ளிச் செவ்வாயில் இறங்கியது. சொஜர்னர் என்ற சிறு வண்டி அதிலிருந்து இறங்கி ஊர்ந்தது. உலகமெங்கும் மக்கள் படங்களைக் கண்டு மகிழ்ந்தார்கள். ஆனால் சில நாட்களுக்குள் விண்கலம் திடீர் திடீரென்று தன்னைத் தானே மறுபடி துவக்கிக்கொள்ள ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை நின்று, மறு நாளைக்குத் தள்ளிப் போயிற்று. அங்கே போய்ப் பழுது பார்க்க முடியுமா? இங்கிருந்து ஒரு சேதி போய்ச் சேரவே பத்து நிமிஷத்துக்கு மேலாகும்.

விண்கலத்தின் உறுப்புகளுக்கிடையே செய்திகளை எடுத்துக் கொடுக்கும் வேலை பாட்டியின் ஸ்தானத்தில் இருந்தது. விநாடிக்கு எட்டு முறை அது முடிந்தாக வேண்டும். வானிலைக் கருவியின் விவரங்களைச் சேகரிக்கும் வேலை பேரனின் ஸ்தானம். இரண்டுக்கும் பொதுவாக, ஒரு சமயத்தில் ஒருவரே எடுக்கக்கூடிய பூட்டு ஒன்று இருந்தது. அதுவே தாம்புக் கயிறு. வானிலை வேலை பூட்டை வைத்திருக்கும்போது, நடுத்தர முக்கியமுள்ள வேறு வேலைகள் மாமாவைப் போல இடையில் புகுந்துவிட்டன. கணிப்பொறியில் எல்லா வேலைகளையும் செய்யும் மூளை ஒன்றே ஒன்றுதான். ஆகவே வானிலை வேலை நின்றது. அது நின்றதால் பூட்டு விடுபடவில்லை. பூட்டு விடுபடாததால் தலையாய வேலை நின்றது. அடுத்த சுற்றுத் தொடங்கும்போது, முந்திய சுற்று முடியாததைக் காவல் வேலை கண்டது. "பெரிய விபரீதம் நேர்ந்துவிட்டது" என்று எண்ணி எல்லாவற்றையும் அணைத்து மறுபடி துவக்கியது.

விண்கலம் புறப்படுவதற்கு முன்பே சோதனைகளில் இந்தக் கோளாறு ஓரிரு தடவை தலைகாட்டியதுண்டு. ஆனால் திரும்ப வரவழைக்க முயன்றபோது வராமல் ஏய்த்துவிட்டது. இத்தகைய யந்திரங்களை அமைப்பதில் உள்ள பெரிய சங்கடம் இதுதான். கணக்கில் உள்ள பிழை எப்போது போட்டாலும் பிழையாகவே வரும். காலத்தில் உள்ள பிழையோ, பாட்டியும் பேரனும் மாமாவும் ஒரே வேளையில் சந்தித்தால்தான் வரும்.

கலிபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தார், தங்களிடமிருந்த மாதிரி யந்திரத்தை ஓடவிட்டு, கோளாறு மறுபடி தோன்றும் வரையில் காத்திருந்து பிடித்தார்கள். என்னென்ன வேலை எந்தெந்த க்ஷணத்தில் நடந்தது என்று குறித்துக் கொள்ளும் வசதியைச் சோதனை முடிந்ததும் நீக்கிவிடாமல் வைத்திருந்தது பெரிய உதவியாயிற்று.

மருந்து ஏற்கெனவே இருந்தது. கிணற்றடிக்குத் திரும்புவோம். பாட்டி காத்து நிற்கும் வரையில் அம்பிக்குப் பாட்டியின் அந்தஸ்தைக் கொடுத்துவிட்டால் போதும். "இவன் இப்போது பாட்டி காரியமாக இருக்கிறான், யாரும் கூப்பிடக் கூடாது" என்று வீட்டில் ஒரு விதி. குடம் மேலே வந்து கயிறு கைமாறியதும் அவன் பழைய அம்பியாகிவிடுவான். முன்னுரிமையைச் சுவீகரித்தல் என்பது இந்த விதியின் கருத்து. விண்கலத்தில் இருந்த கட்டளைத் தொகுப்பில் இந்த வசதி உண்டு. ஆனால் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் அது இயக்கப்படாமல் இருந்தது. அதை இயக்கும்படி ஒரு சிறு திருத்தத்தை ஆகாய மார்க்கமாக அனுப்பினார்கள். கோளாறு தீர்ந்தது. செப்டம்பர் கடைசி வரையில் அந்த விண்கலம் செய்தி அனுப்பிக் கொண்டிருந்தது.

மூவர் எழுந்து நின்றார்கள்

1997-ம் வருஷம் டிஸம்பர் மாதத்தில், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் இத்துறை அறிஞர்களின் மகாநாடு கூடியது. அந்தக் கட்டளைத் தொகுப்பைத் தயாரித்த கம்பெனியின் டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொன்னார். இறுதியில், இந்த நோயை ஆராய்ந்து மருந்து கண்ட கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டார். அது 1990-ம் வருஷம் செப்டம்பரில் வெளியானது. எழுதியவர்கள் லூயி ஷா, ராஜ்குமார், லெஹாஸ்கி என்ற மூவர். அம்மூவரும் அன்று அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்! தலைவர் கேட்டுக்கொண்டபடி அவர்கள் எழுந்து நிற்க, சபையோர் கரகோஷம் செய்தார்கள். ஏட்டில் எழுதிய ஒரு கணிதத் தத்துவம் வேறொரு கிரகத்தில் ஒரு யந்திரத்தைக் காப்பாற்றியது என்று கேட்டு அதன் ஆசிரியர்கள் எழுந்து நிற்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மூவரில் நடுவிலுள்ள ராஜ்குமார் நம்மவர். கோயமுத்தூர் பி. எஸ். ஜி. தொழில் நுட்பக் கல்லூரியில் படித்து, 1984-ல் பட்டம் பெற்று, பிறகு அமெரிக்காவில் கார்னெகி மெல்லன் ஸர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்தவர்.

இதைப் படித்ததும் நேயர்களுக்கு மார்பு சற்று விரியலாம். நமக்கும் விரிந்தது, மறைப்பானேன்? ஆனால் கடல் கடந்த பிள்ளையின் புகழைத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருப்பது மட்டும் தேசபக்தியாகாது. அந்தக் கட்டுரை எழுதப்பட்ட காலத்தில் அதற்கு உடனடிப் பலன் எதுவும் கண்ணுக்குத் தெரிந்திராது. "இதனால் என்ன சம்பளம் வரும்?" என்று கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். அடிப்படையான கணிதத்தைப் பொறுமையாகப் படிக்க இடங்கொடுத்த இடத்தில் அந்த மரம் காய்த்தது. நம் வீட்டிலும் அந்தப் பொறுமைக்கு இடம் உண்டா என்பதே கேள்வி.

காலி இடத்தின் மகிமை

இந்தச் சாஸ்திரத்தில் இன்னொரு கணக்கு உண்டு. அது இல்லறத்தாருக்கும் பயன்படும். 1973-ல் லியு, லேலண்ட் என்ற இருவர் வெளியிட்டது. லேலண்ட், பிற்காலத்தில் பாத்பைண்டரை நிர்மாணித்த அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய பல வேலைகள் ஒரே மூளைக்கு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அடிக்கடி வரும் வேலைக்கு மேலான இடத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்தால், மொத்த வேலை மூளையின் நேரத்தில் சுமார் 69 சத விகிதத்துக்கு உட்பட்டிருக்கும் வரையில், எத்தனை வேலைகள் இருந்தாலும் ஒன்றுகூடக் கெடு தவறாது என்று அவர்கள் நிரூபித்தார்கள். அதற்கு மேலும் ஏற்றலாம். ஆனால் தனியாகச் சோதித்துப் பார்த்தே ஏற்றவேண்டும்.

யந்திரம் ஒரு விநாடியும் சும்மா இருக்கக் கூடாது என்பது வியாபாரியின் கணக்கு. கொஞ்சம் இடம் காலியாக இருந்தால்தான் நெருக்கடியில் வாக்கைக் காப்பாற்றலாம் என்பது இந்த அறிஞர்களின் கணக்கு. சந்திரனில் 13 சத விகிதம் திருட்டுப் போனபோது நேர்ந்ததை நினைத்துப் பார்த்தால், இரண்டில் எது உத்தமம் என்பது விளங்கும்.

தோல்வியை முன்னிறுத்தி

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2019-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி பின்னிரவில், சந்திரயான்-2 அனுப்பிய விக்ரம் ஓடம் நிலவின் தரையை நெருங்கிய வேளையில் மௌனமாகிவிட்டது. தேசமே கண் விழித்திருந்த இரவு அது. அங்கே இறங்கும் ஓடத்தைப் பூமியிலிருந்து ஓட்ட முடியாது. ஒளியே போய்வர இரண்டரை விநாடி செல்லும். ஆகவே ஓடத்துக்குள் பொதிந்த கணிப்பொறிகளே எல்லா முடிவுகளையும் செய்ய வேண்டும்.

என்ன நேர்ந்தது என்பதை, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த சோமநாத் 2023-ல் ஒளிவு மறைவின்றி எடுத்துரைத்தார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததை விட அதிக விசையைத் தந்தன. அதனால் பிழைகள் குவிந்தன. அவற்றைத் திருத்த ஓடம் வெகு வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. கட்டளைத் தொகுப்போ அவ்வளவு வேகத்துக்கு அனுமதி தரவில்லை. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டர் சதுரம் மட்டுமே.

அடுத்த ஓடத்தை அமைக்கும்போது, "எல்லாம் நன்றாக நடந்தால் எப்படி இறங்குவது?" என்று கேட்பதை விட்டு, "எது எது கெட்டுப் போகும்? கெட்டாலும் எப்படி இறங்குவது?" என்று கேட்டார்கள். இறங்கும் இடம் நான்கு கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிந்தது. எரிபொருள் கூடியது, கால்கள் பலப்பட்டன. 2023-ம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி மாலை 6 மணி 4 நிமிஷத்துக்குச் சந்திரயான்-3 நிலவின் தென் துருவப் பிரதேசத்துக்கு அருகில் மெல்ல அமர்ந்தது. அதன் திட்ட இயக்குநர், விழுப்புரத்தில் பிறந்த வீரமுத்துவேல்.

2025-ம் வருஷம் மார்ச்சில், நம் ராக்கெட்டுகளுக்கென்று திருவனந்தபுரத்து விஞ்ஞானிகள் திட்டமிட்டு, பஞ்சாபில் மொஹாலியிலேயே தயாரான 'விக்ரம் 3201' என்ற 32 பிட் மூளைச் சில்லும் வந்து சேர்ந்தது. உடலை மட்டும் நாம் செய்து மூளையை வெளியில் வாங்கிக் கொண்டிருந்தால் சுதந்திரம் பூர்த்தியாகாது என்பதை உணர்ந்தவர்களின் வேலை அது.

ஒத்திகையில் தவறிய ஹூஸ்டன் இளைஞர்கள், பூட்டின் கதையைச் சபையில் சொன்ன வில்னர், தோல்வியை ஜனங்களுக்கு விளக்கிய சோமநாத் ஆகிய இவர்கள் அனைவரும் செய்த காரியம் ஒன்றே: பிழையை மூடவில்லை, சொன்னார்கள், வேளையில் திருத்தினார்கள். தஹ்ரானில் அந்த வேளை ஒரு நாள் பிந்தியது.

நேயர்கள் அடுத்த முறை லிப்டில் ஏறும்போது, அது சரியான மாடியில் சரியாக வந்து நிற்குமானால், உள்ளே ஒளிந்திருக்கும் அந்த முகமில்லாத வேலைக்காரனை ஒரு விநாடி நினைத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும், குழந்தை கணக்குப் போட்டுக் கொண்டிருந்தால், தயவு செய்து மாமாவைப் போலத் திண்ணையிலிருந்து கூப்பிடாதீர்கள். அது யாருடைய காரியமாகக் கயிற்றைப் பிடித்திருக்கிறதோ, யார் கண்டார்கள்!